கதிரையும் கால்வாயும்: கமக்காரர் கூட்டத்து ஆசன மரபு பற்றிய ஓர் ஆராய்ச்சி

திருகோணமலையைப் பற்றி எழுதப் புகுந்த அறிஞர்கள், கோணேசர் ஆலயத்தின் தொன்மையையும், இயற்கைத் துறைமுகத்தின் ஆழத்தையும், அதன்மீது கண்வைத்த போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரின் பேராசையையும், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் பொழிந்த குண்டுகளையும், 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை மூட்டைகட்டிக்கொண்டு போன வைபவத்தையும் விரித்தெழுதிப் பேனாவை வைத்துவிட்டார்களேயன்றி, துறைமுகத்துக்குப் பின்புறமாகக் கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல் எனப் பரந்து கிடக்கும் நெல்வெளிகளுக்கு நடுவே நிற்கும் கமக்காரர் மண்டபங்களில், கூட்டம் நடக்கும் நாளில் யார் எந்தக் கதிரையில் உட்காருகிறார், ஏன் அங்கே உட்காருகிறார் என்னும் பிரச்சினையை ஒருவரேனும் தொட்டுப் பார்த்தாரில்லை. கப்பல்கள் நங்கூரமிடும் இடங்களைக் காட்டும் வரைபடங்கள் ஏராளமாக உண்டு. கமக்காரர் அமரும் இடங்களைக் காட்டும் கோட்டுப்படம் ஒன்றுதானும் இல்லை. இந்தக் குறையை எம்மால் இயன்றவரை நிவர்த்தி செய்வதே இக்கட்டுரையின் பிரயோசனம்.

ஆராய்ச்சி நெறிப்படி முதலிற் களத்தை வரையறுத்துக்கொள்வோம். கமக்காரர் மண்டபம் என நாம் இங்கே குறிப்பது, கமநல சேவை நிலையத்தை ஒட்டியோ கமக்காரர் அமைப்பின் சொந்தக் காணியிலோ நீளவாக்கிற் கட்டப்பட்டு, இடுப்பளவு அரைச்சுவரும் அதற்குமேல் வெறுங்காற்றும், தகரத்தாலோ அஸ்பெஸ்டஸாலோ வேய்ந்த கூரையும், ஒரு தலைப்பில் முழங்காலளவு உயர்ந்த மேடையும், மேடையிலே துணிவிரித்த மேசையும், மேசையிலே எவரும் திறவாத தண்ணீர்ப் போத்தல்களும் கொண்டு விளங்கும் கட்டடத்தை. பக்கத்து அறையில் விதைநெல்லோ யூரியா மூட்டையோ அடுக்கப்பட்டிருக்குமாதலால் அதன் நெடி, கூட்டம் எதைப்பற்றியது என்பதை மறக்கவிடாமல் மூக்கில் நின்றுகொண்டிருக்கும். இம்மண்டபத்திற் கலியாணம் நடந்ததுண்டு, வாக்குப்பெட்டி வைத்ததுண்டு, வெள்ளத்தில் வீடிழந்தோர் பாய்விரித்துப் படுத்ததுண்டு. ஆயினும் அது எடுத்த ஜன்மத்தின் சாபல்யம், போகத்துக்கு ஒருமுறை அங்கே கூடுகின்ற ஆரம்பக் கூட்டமே.

இது ஊரார் பொழுதுபோக்காகக் கூடும் கூட்டமன்று. சட்டத்தின் ஆக்ஞைப்படி கூடுவது. இராஜகாரிய ஊழியத்தை ஒழித்து, அதனோடு குளங்களைப் பராமரித்துவந்த ஒழுங்கையும் தளர்த்திவிட்ட பிரித்தானிய அரசாங்கமே, ஆளுநர் சேர் ஹென்றி வார்டின் காலத்தில், நெற்காணிகளின் நீர்ப்பாய்ச்சலையும் செய்கையையும் பற்றிய பழைய வழக்கங்களை மீட்டெடுத்து நிலைநிறுத்தவென்று 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. பின்னர் வந்த 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், காணிக்காரரைக் கூட்டி, முதல் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, வேலி அடைக்கும் திகதி, மாடுகளை வெளியேற்றும் திகதி, கடைசித் தண்ணீர் நிறுத்தும் திகதி ஆகியவற்றை நிச்சயிக்கும் முறைக்கு உருக்கொடுத்தது. பிலிப் குணவர்த்தனவின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களைத் தந்தது. 1979ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் இன்றைய கமக்காரர் அமைப்புக்கு அத்திவாரமாயின. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இத்தனை சட்டங்கள் தோன்றியும், இன்னாருக்கு இன்ன ஆசனம் என எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. சட்டம் மௌனம் சாதிக்கும் இடத்திலேதான் வழக்கம் வாய்திறக்கிறது.

இனிப் பிரச்சினைக்கு வருவோம். கூட்டம் ஆரம்பிக்குமுன் கதிரைகள் ஒழுங்காக வரிசையில் இடப்படுகின்றன. முதல் வரிசை உத்தியோகத்தருக்கென ஒதுக்கப்படுவதால் அதனை விலக்கிவிட்டு, கமக்காரருக்குரிய வரிசைகளை மாத்திரம் எடுத்துக்கொண்டால், மண்டபத்துள் நுழைபவர்களில் ஒரு சாரார் நேராக முன்னே சென்று மேடையை முட்டுமளவு நெருங்கி உட்காருவதையும், இன்னொரு சாரார் நடுவிலே வேண்டிய மட்டும் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கப் பின்வரிசையை நாடிச் செல்வதையும், அங்கேயும் கதிரை நிரம்பிவிட்டால் முன்னுக்கு வருவதற்குப் பதிலாக அரைச்சுவரில் ஏறி அமர்வதையும் எவரும் காணலாம். அமைப்பின் செயலாளர் ஒலிவாங்கியைத் தட்டிப்பார்த்துவிட்டு முன்னே வருமாறு பலமுறை வேண்டுவார்.

“காக்கா, முன்னுக்கு வாங்க. கதிரை சும்மா கிடக்குது.”

“இரிக்கட்டும் தம்பி. இங்க நல்லாக் கேக்குது.”

ஒலிபெருக்கி பின்வரிசைக்கு எட்டாத மண்டபத்திலும், மின்சாரம் நின்றுபோன நாளிலும் இதே விடைதான் கிடைக்கும். ஆகவே ‘நல்லாகக் கேட்கிறது’ என்பது உண்மைக் காரணமாகாது.

இதற்கு மூன்று சமாதானங்கள் ஊரிலே வழங்குகின்றன. பின்னிருப்போர் அடக்கமுடையோர் என்பது முதலாவது. இதே அடக்கமுடையோர் கோயில் திருவிழாவிலும் கந்தூரியிலும் கலியாணப் பந்தியிலும் முதல் வரிசையில் வீற்றிருப்பதை நாம் கண்டிருப்பதால் அதனைத் தள்ளிவிடலாம். கூட்டத்தின் நடுவிலே நழுவி வெளியே நிற்கும் லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறிப் போய்விடுவதற்கு வசதி என்பது இரண்டாவது. அவர்களோ கடைசிவரை அசையாமல் இருந்து, நன்றியுரையையும் கேட்டுவிட்டுத்தான் எழுகிறார்கள். வெற்றிலை போட்டுத் துப்புவதற்கு அரைச்சுவர் அருகில் இருக்கவேண்டும் என்பது மூன்றாவது. இது ஓரளவு ஏற்புடையதாயினும், வெற்றிலை போடாதவரும் பின்னேதான் இருக்கிறார் என்ற ஆட்சேபத்துக்கு விடைகூற வல்லதன்று.

எமது சித்தாந்தம் வேறு. கமக்காரர் ஒருவர் மண்டபத்தில் மேடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் அமர்கிறார் என்பது, அவருடைய வயல் வாய்க்காலின் தலைமடையிலிருந்து எவ்வளவு தூரத்திற் கிடக்கிறது என்பதனால் நிர்ணயிக்கப்படுகிறது, ஆனால் தலைகீழாக. எவருடைய வயலுக்குக் குளத்துத் துருசு திறந்தவுடனே தண்ணீர் பாய்ந்துவிடுமோ அவர் மண்டபத்தின் கடைசியில் உட்காருகிறார். எவருடைய வயல் வாய்க்காலின் கடைமடையிற் கிடந்து, மேலே உள்ளவர்கள் எல்லாரும் குடித்து மிச்சம் விட்டதற்காகக் காத்திருக்கிறதோ அவர் மேடைக்கு எதிரே உட்காருகிறார். தலைமடைக்காரருக்குக் கூட்டத்தினாலே பெறவேண்டியது யாதுமில்லை. அவருக்குப் புவியீர்ப்புச் சக்தி ஏற்கெனவே சகல சலுகைகளையும் வழங்கிவிட்டது. கடைமடைக்காரருக்கோ, நீர்ப்பாசனப் பொறியியலாளரின் வாயிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு திகதியும் உயிர்நிலை. கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாமத்து வயல்களைக் கடந்து தம்பலகாமக் குடாவிற் சென்று கலக்குமுன் எத்தனை மடைகளைத் தாண்டவேண்டியிருக்கிறது என்பதைச் சிந்திப்பவருக்கு, கீழ்வெளிக்காரர் ஏன் கூட்டத்துக்கு அதிகாலையில் வந்து கதிரை பிடிக்கிறார் என்பது விளங்கும்.

இச்சித்தாந்தத்துக்குப் பிரத்தியட்சப் பிரமாணம், பேச்சு. முன்வரிசையிலிருந்து எழும் குரல் இப்படி இருக்கும்: “ஐயா, முதல் தண்ணி முழுக்க மேல மறிச்சா எங்கட வெளிக்கு எப்ப வாறது? போன சிறுபோகம் கதிர் தள்ளுற நேரம் வாய்க்கால் காஞ்சு கிடந்தது. ஐயா ஒருக்கா வந்து பாக்கோணும்.” இவ்வாறு ஒருவர் பேசி அமர்ந்தவுடன் இன்னொருவர் எழுந்து அதையே வேறு வாய்க்காலின் இலக்கத்தை இட்டுக் கூறுவார். பின்வரிசையாரை நோக்கி, உங்களுக்கு ஏதாவது சொல்லவுண்டா என்று தலைவர் வினவினால், அரைச்சுவரில் இருந்தபடியே விடை வரும்: “எங்களுக்கு ஒண்டும் இல்ல ஐயா. எந்தத் திகதி எண்டாலும் சரிதான்.” எந்தத் திகதியானாலும் சரி என்று சொல்லக்கூடிய ஒரு மனிதரின் வயல் எங்கே கிடக்கிறது என்பதைக் கண்டறிய நில அளவையாளர் தேவையில்லை.

ஆசனத்துக்கும் நீருக்கும் உள்ள இச்சம்பந்தம் இம்மாவட்டத்தில் இன்று நேற்று ஏற்பட்டதன்று என்பதை நிறுவச் சரித்திரத்துட் சற்றே புகவேண்டியிருக்கிறது. கந்தளாய்க் குளம் 7ஆம் நூற்றாண்டு மன்னன் இரண்டாம் அக்கபோதிக்கு உரியதெனச் சரித்திரகாரர் பலர் கூறுவர். குளக்கோட்டு மன்னன் பூதங்களைக் கொண்டு கட்டுவித்தான் என்பது நம்மவர் ஐதிகம். பூதங்களைக் கொண்டு குளம் கட்டுவித்தவனுக்கு ஆரம்பக் கூட்டம் நடத்தவேண்டிய சங்கடம் நேர்ந்திராது என்பதனால் அவனை இவ்வாராய்ச்சியிலிருந்து விடுவிக்கிறோம். ஆனால் கந்தளாய் பின்னர் பிராமணர் வாழ்ந்த சதுர்வேதிமங்கலமாக விளங்கியதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. சதுர்வேதிமங்கலம் என்றாற் சபை உண்டு. சபை உண்டென்றால் யார் எங்கே உட்காருவது என்ற பிரச்சினையும் உண்டு. அக்கரையிலே, பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சபையார், குடவோலையாலே ஏரி வாரியத்துக்கு ஆளெடுக்கும்போது, முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவரும் எழுபதுக்கு மேற்பட்டவரும் கால்வேலி நிலத்துக்குக் குறைந்தவரும் கூடாதென 921ஆம் ஆண்டிற் கல்லில் வெட்டிவைத்தார்கள். தலைமடைக்காரரா கடைமடைக்காரரா என்று அவர்கள் கேட்கவில்லை. அந்தக் கேள்வி ஏன் விடுபட்டது என்பதை ஊகிக்க, குடவோலை முறையை வகுத்தவர்களின் வயல்கள் எங்கே கிடந்தன என்பதை ஆராயவேண்டும்.

எமக்குக் கிடைத்த தலைசிறந்த சான்று 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்லனுடையது. அம்மன்னன் கந்தளாயிலே பார்வதி சத்திரம் என்னும் அன்னசாலையை அமைத்து, அங்கே தானம் பெறுவோர் அடையும் ஆனந்தத்தைத் தான் அமர்ந்து பார்த்த கல்லாசனத்திலேயே அதனைச் சாசனமாகப் பொறித்துவைத்தான். மேடையிலிருந்து சனக்கூட்டத்தைப் பார்க்கும் பதவிக் கதிரையின் மூல வடிவம் இதுவே என்பது எமது துணிபு. மன்னன் எங்கே இருந்தான், எதைப் பார்த்தான், பார்த்ததனால் என்ன பயன் என்பவையெல்லாம் கல்லில் உள. எதிரே இருந்தவர்கள் யார் முன்னே, யார் பின்னே என்பது மாத்திரம் இல்லை. அதிகாரிகள் எழுதும் கூட்ட அறிக்கைகளில் இன்றும் இக்குணம் மாறவில்லை.

முன்னே போய் அமர்வதிலுள்ள அபாயத்தையும் இம்மாவட்டத்துச் சரித்திரம் அறியும். 1659ஆம் ஆண்டு நவம்பரிற் புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், புதுமரம் நாட்டுவதற்குக் கொட்டியாரக் குடாவுக்கு வந்து தங்கியிருந்தபோது, கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் திசாவை என்னும் அதிகாரி மிகுந்த மரியாதையோடு அழைப்பு விடுத்தார். மறுவருடம், மூதூர்ப் பக்கத்துப் புளியமரமொன்றின் அடியில் நிம்மதியாக அமர்ந்திருந்த அக்கப்பலின் கப்டன் நொக்ஸ் பிடிபட்டார். அவருடைய மகன் றொபட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் உள்நாட்டிற் சிறையிருந்து, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடி, 1681இல் இலண்டனிலே நூல் எழுதி வெளியிட்டார். அரசாங்க அழைப்பை ஏற்று உட்கார்ந்தவர் எப்போது வீடு திரும்புவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்னும் பாடத்தை மூதூர்ப் பகுதிக் கமக்காரர் அன்றே கற்றுக்கொண்டார்கள் எனச் சொல்ல ஆசைப்படுகிறோம். ஆதாரம் போதாமையால் சொல்லாது விடுகிறோம்.

வெளிநாட்டுச் சான்றுகளையும் புறக்கணித்தலாகாது. ஸ்பெயின் தேசத்து வலென்சியா நகரிலே, வியாழக்கிழமைதோறும் நண்பகலில், பேராலயத்தின் வாயிலிலே நீர் நியாயசபை கூடுகிறது. கால்வாய்க்கு ஒருவராக எட்டுப் பிரதிநிதிகள் கறுப்பு மேலங்கி அணிந்து அரைவட்டமாக அமர்ந்து, தண்ணீர்த் தகராறுகளை வாய்மொழியாகவே கேட்டு அங்கேயே தீர்த்துவிடுகிறார்கள்; யுனெஸ்கோ 2009ஆம் ஆண்டில் இதனை மானுட மரபுரிமையாக அங்கீகரித்தது. அவர்கள் அமரும் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒவ்வொரு கால்வாயின் பெயர் பொறித்திருப்பது எமது சித்தாந்தத்துக்குக் கிடைத்த மகத்தான அனுசரணை. கதிரையும் கால்வாயும் ஒன்றையொன்று அறியும் என்பதை ஸ்பெயின்காரர் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள்; திருகோணமலைக் கமக்காரர் எழுதாமலே அனுஷ்டிக்கிறார்கள். அதே 2009ஆம் ஆண்டிற் பொருளியலுக்கான நோபல் பரிசை, அப்பரிசு பெற்ற முதற் பெண்மணியாக, எலினோர் ஒஸ்ட்ரம் பெற்றார். பொதுச் சொத்துகளை மக்கள் தாமே ஆளும் விதம் பற்றி அவர் 1990இல் எழுதிய நூலில் வலென்சியாவும் உண்டு, நமது கல்லோயா நீர்ப்பாசனத் திட்டமும் உண்டு. கல்லோயாவிலே, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவேண்டுமென்று தலைமடைக்காரர் மடையை அடைத்துக்கொடுத்த செய்தி உலகெங்கும் ஆய்வாளரின் புகழுக்குரியதாயிற்று. அவர்கள் கூட்டத்தில் எங்கே இருந்துகொண்டு அதற்குச் சம்மதித்தார்கள் என்பதை யாராவது குறித்துவைத்திருந்தால் எமது வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

எந்தச் சூத்திரத்துக்கும் புறநடை உண்டு. குத்தகைக்குச் செய்பவர், காணி தம்முடையதன்று என்பதனால், உட்காராமலே தூணிற் சாய்ந்து நிற்பார். கூட்டத்தில் எவரையும்விட உன்னிப்பாகக் கேட்பவர் அவர். வாய்க்கால் நீரைப் பங்கிடும் வட்டவிதானையார் எந்த வரிசையிலும் அடங்கமாட்டார். மேடைக்கும் சபைக்கும் இடையே பக்கவாட்டில் ஒரு கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, இரு தரப்பாரின் முகங்களையும் ஒரே வேளையிற் பார்க்கும் கோணத்தில் அமர்ந்திருப்பார். எவர் மடையை இரவில் யார் திறந்தார் என்பது முழுவதும் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லாதிருப்பதற்காகவே அவருக்குப் போகம் முடியப் புசல்கணக்கில் நெல் அளக்கப்படுகிறது என்று குறும்பர் சிலர் கூறுவதுண்டு. யுத்தத்துக்குப் பின்னர், கணவர் பேரிலிருந்த காணி தம் பேருக்கு மாறிய பெண்கள் பல கூட்டங்களிலே இடப்புறத்து இரண்டாம் மூன்றாம் வரிசைகளைத் தமதாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் குறித்த நேரத்துக்கு வருகிறார்கள், கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள், போன கூட்டத்தில் இன்ன திகதி என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்கிறார்கள். வாய்க்காலில் அவர்களுடைய வயல் எங்கே கிடந்தாலும் அவர்களுடைய கதிரை மாறுவதில்லை. எமது சூத்திரம் அவர்களிடம் முற்றாகத் தோற்றுப்போகிறது. அதற்காக நாம் வருந்தவில்லை.

பட்டிக்காரருடைய நிலை தனி அத்தியாயத்துக்குரியது. மாடுகளை வயல்வெளியிலிருந்து வெளியேற்றும் திகதி நிகழ்ச்சிநிரலில் இன்ன இடத்தில் வரும் என்பதை அவர்கள் எப்படியோ முன்கூட்டியே அறிந்துகொள்கிறார்கள். உரம், விதைநெல், காப்புறுதி ஆகிய விடயங்கள் பேசப்படும்வரை கதிரைகளில் இருந்தவர்கள், அந்த விடயம் எடுக்கப்படும் தறுவாயில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, வெளியே மரத்தடிக்கு வெற்றிலை போடச் செல்கிறார்கள். மேய்ச்சல் தரை சுருங்கிப்போய், மாட்டை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்று தெரியாத அவர்களுடைய வில்லங்கம் உண்மையானது. அதைப் பேசினால் பொழுது சாயும் என்பதும் உண்மை. ஆகையினால் தீர்மானம், எதிர்ப்பவர் ஒருவரும் மண்டபத்தில் இல்லாத சுபமுகூர்த்தத்தில், ஏகமனதாக நிறைவேறுகிறது. பயிர் மூன்று இலை விட்டபின் வெளியிலே மாடு நின்றால், “இது ஆரிட மாடு?” என்று கேட்பவருக்கு, தீர்மானம் நிறைவேறியபோது தாம் அங்கு இருக்கவில்லை என்று விடைகூறும் உரிமை பட்டிக்காரருக்கு உண்டு. மரத்தடி என்பது, இவ்வகையில், மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் பின்னாலுள்ள வரிசை.

கந்தளாய் முதலிய இடங்களிற் கூட்டம் இரு மொழியில் நடக்கும். சிங்களத்திற் சொன்னதைத் தமிழிலும், தமிழிற் சொன்னதைச் சிங்களத்திலும் ஒருவர் பெயர்த்துக் கூறுவார். இதனாற் கூட்டத்தின் நீளம் இரட்டிக்கிறது என்று முறையிடுவோர் ஒரு நன்மையைக் கவனிப்பதில்லை. பொறியியலாளர் ஒரு பகிடி விட்டால் முதலில் ஒரு சாரார் சிரிக்கிறார்கள். பெயர்ப்பு முடிந்ததும் மறு சாரார் சிரிக்கிறார்கள். இரு மொழியும் அறிந்தவர்கள் மரியாதையின் நிமித்தம் இருமுறையும் சிரிக்கிறார்கள். கோபமான வசனமோ பெயர்க்கப்படும்போது பாதி சூடு ஆறிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் சிலர் அதை வேண்டுமென்றே ஆறவைக்கிறார்கள் என்பதையும், இரு தரப்பாரும் அது தெரிந்தும் தெரியாதவர்களாக இருந்துவிடுகிறார்கள் என்பதையும் நாம் அவதானித்திருக்கிறோம்.

சிற்றுண்டி பற்றி இரண்டு வாக்கியம் கூறாவிடில் ஆராய்ச்சி பூரணமாகாது. நெல்லைப் பற்றியே காலை முழுவதும் பேசிய சபையினருக்குத் தேத்தண்ணியோடு வழங்கப்படுவது பணிஸ். அது கோதுமை மாவினாலானது. அந்தக் கோதுமையோ கடல்கடந்து கப்பலில் வந்து, இதே மாவட்டத்துச் சீனக்குடாவிலே, 1980ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கிய பிரிமா மாவாலையில் அரைபடுவது. நெல்லின் விலை போதாது என்று முன்வரிசையில் முழங்கிய கமக்காரர், துறைமுகத்துக்கு வந்த அந்நிய தானியத்தைத் தேத்தண்ணியில் தோய்த்து உண்டபடியே அடுத்த விடயத்துக்குச் செல்லும் காட்சியில் பொருளியலார் ஆராயவேண்டியது நிறைய உண்டு. பணிஸ் பின்வரிசையிலிருந்து வழங்கப்படுகிறதா முன்வரிசையிலிருந்து வழங்கப்படுகிறதா என்பதே எமக்கு முக்கியம். பின்வரிசையிலிருந்துதான். சமையற்கட்டு அங்கே இருக்கிறது. தலைமடை தலைமடைதான்.

இவ்வளவு பரிகாசத்துக்கு இடங்கொடுக்கும் சபை, ஒரு கட்டத்தில் மாத்திரம் வரிசை பேதமின்றி அமைதியாகிறது. பொறியியலாளர் குளக்கட்டின் நிலைமையைச் சொல்லும் வேளை அது. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில், ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது, கந்தளாய்க் குளக்கட்டு உடைத்துக்கொண்டது; நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்; வீடும் வயலும் போயின. அன்று சிறுவர்களாயிருந்தவர்கள் இன்று பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுள் எவரும் அப்போது “நல்லாக் கேக்குது” என்று சொல்வதில்லை. எழுந்து முன்னே வந்து நின்று கேட்கிறார்கள். 2006ஆம் ஆண்டு ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதும் அதனைத் தொடர்ந்து இந்நாட்டில் நிகழ்ந்தவையும் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை; ஒரு மதகு திறப்பதும் அடைப்பதும் அற்பமான விடயமென்று இம்மாவட்டத்தில் எவரும் கருதுவதில்லை என்பதை மாத்திரம் குறித்து மேலே செல்கிறோம்.

இனி, சித்தாந்தத்தின் பருவகால விகற்பங்கள். பெரும்போகத்தில் வடகீழ்ப் பருவமழை வானத்திலிருந்து எல்லார் வயலிலும் சமமாக விழுவதால், தலைமடை கடைமடை என்ற பேதம் தளர்ந்து, சபையோர் பெரும்பாலும் பின்னோக்கிச் சாய்கின்றனர். மழை நன்றாயிருக்குமென்று சொல்லப்பட்ட ஆண்டுகளில் கமக்காரருக்குரிய முதலிரண்டு வரிசைகளும் சூனியமாகக் கிடக்கும். சிறுபோகமோ குளத்து நீரை மாத்திரமே நம்பியது. அப்போது எமது சூத்திரம் துல்லியமாகப் பொருந்துகிறது. குளத்தில் நீர் குறைந்து, முழுப் பரப்பிலும் செய்கை பண்ண இயலாதென்று அறிவிக்கப்படும் ஆண்டிலே மிக விநோதமான ஒரு மாற்றம் நிகழ்கிறது. உலர்வலயம் எங்கும் பழைய காலந்தொட்டு நிலவும் வழக்கமொன்றுண்டு. சிங்களத்தில் பெத்ம என வழங்கும் அவ்வழக்கப்படி, குளத்துக்கு அண்மையிலுள்ள ஒரு பகுதியை மாத்திரம் செய்கைக்கு எடுத்து, காணிக்காரர் யாவருக்கும் அந்த ஒரு போகத்துக்கு அதைப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். அதாவது கடைமடைக்காரர் வந்து தலைமடைக்காரரின் வயலில் உழுவார். இந்த ஆலோசனை மேடையிற் பிறந்த அக்கணத்திலே, எந்தத் திகதியானாலும் சரி என்று அரைச்சுவரில் இருந்தவர் இறங்குகிறார். நடுவிலிருந்த வெறுங்கதிரைகளைக் கடந்து வருகிறார். “ஐயா, ஒரு விசயம்” என்கிறார். முன்னே இருந்தவர்கள் அன்று பின்னோக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, தங்களுக்கு ஒன்றுமில்லை, எப்படிப் பங்கிட்டாலும் சரிதான் என்கிறார்கள்.

இவற்றிலிருந்து நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குப் பயன்படத்தக்க ஒரு யோசனையைச் சமர்ப்பிக்க விரும்புகிறோம். குளக்கட்டில் நாட்டிய அளவுகோலைப் பார்த்துக் குளத்தின் நீர்மட்டத்தை அறிவதற்கு ஓர் உத்தியோகத்தர் வெயிலில் அவ்வளவு தூரம் செல்லவேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக, ஆரம்பக் கூட்டத்தன்று மண்டபத்து முன்வரிசைகளில் வெறுமையாகக் கிடக்கும் கதிரைகளை எண்ணினாற் போதும். வெறுங்கதிரை அதிகமாக அதிகமாகக் குளம் நிறைந்திருக்கிறது. குறையக் குறையக் குளம் வற்றியிருக்கிறது. பின்வரிசையார் முன்னே வந்துவிட்டால் பெத்ம நிச்சயம். இம்முறைக்குச் செலவில்லை, கருவி பழுதாவதில்லை, மூன்று இனத்தவரும் ஏற்கக்கூடியது. இதிலுள்ள தடை ஒன்றே ஒன்று. முன்வரிசையை நேருக்கு நேராகப் பார்த்துக் கதிரைகளை எண்ணக்கூடிய இடத்தில் இருப்பவர் மேடையிலுள்ள பொறியியலாளர் மாத்திரமே. அவரோ அந்நேரம் குனிந்தபடி, குளத்தின் நீர்மட்டத்தைத் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருப்பார்.